உடைக்கும் ஒளிக்கு முன்னால்

படத்தில் மூலக்கூறு ஏற்கெனவே உடைந்திருந்தது.

அப்படி இருக்கக் கூடாது. முதல் லேசர் ஒளி போய் மூலக்கூறை உடைக்கும். பின்னாலேயே வரும் இரண்டாவது ஒளி அது பிரிந்து போகும் கோலத்தைப் படம் பிடிக்கும். ஒரு கண்ணிமைப்பைக் கோடி கோடியாகக் கூறு போட்டால் கிடைக்கும் துளி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இன்று, சரிபார்ப்பதற்காக, படமெடுக்கும் ஒளியை அவள் உடைக்கும் ஒளிக்கு முந்திப் போகவிட்டிருந்தாள். முழுசாகத் தெரிய வேண்டியது துண்டு துண்டான புள்ளிகளாகத் திரையில் விழுந்தது.

"ஏதாவது மிரர் நகர்ந்திருக்கும். நான் போய்ப் பாக்கறேன்," என்று கணவன் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் ஒரே ஆய்வு, ஒரே மேசை, தீராத ஒரே சண்டை. "உன் கணக்கு தப்புன்னு தெரிஞ்சா, ஒரு மாசத்துக்கு உன்னை விடமாட்டேன்!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தான்.

சிரித்துக்கொண்டே அவள் முதல் ஒளியை அடைத்தாள். இனி மூலக்கூறை உடைக்க ஒளியே இல்லை.

துண்டுகள் விழுவது நிற்கவில்லை.

ஜன்னலில்லாத அந்த அறையில் பம்புகளின் ரீங்காரமும், சூடேறிய ஒயர்களின் வாடையும், உள்ளறைக் கதவிடுக்கில் துடிக்கும் பச்சை வெளிச்சமும் எப்போதும் உள்ளவைதான். ஆனாலும் யாரோ பின்கழுத்தில் மூச்சு விடுவதுபோல் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது ஒளியையும் அடைத்தாள். கடைசியில் மெயின் சுவிட்சையே இழுத்து அணைத்தாள். விளக்குகள் போயின. பம்புகள் முனகி ஓய்ந்தன.

திரை மட்டும் அணையவில்லை.

புள்ளிகள். மேலும் புள்ளிகள்.

"வெளிய வா! எல்லாத்தையும் போட்டுட்டு வா!"

"ஏன் இப்படிக் கத்தற? வரேன்ல!"

கதவு திறந்தது. திரை வெளிச்சத்தில் சிரித்தபடி நின்றான். அவன் மணிக்கட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. ரத்தம் இல்லை. இடைவெளியின் வழியே பின்னாலிருந்த இருட்டு தெரிந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

அவனுக்குத் தெரியவில்லை. வலிக்கவும் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? தொட்டால்? நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"மிரரெல்லாம் சரியாத்தான் இருக்கு. வா, டீ குடிச்சிட்டு வந்து பாப்போம்."

முழங்கை விலகியது. தோள். தாடைக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு. அது அகன்றது. ஒவ்வொரு துண்டும் மற்றதை விட்டு, சத்தமே இல்லாமல், நேர்கோட்டில், மெதுவாக.

உதடுகள் அவளிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தன.