சிலிண்டரை இறக்கி வைத்தவன்

குப்பாயி துப்பறியும் மகுடேஸ்வரனின் வீட்டுப் படியேறி வந்தபோது அவள் சேலையில் புகை நாற்றம் இன்னும் போகவில்லை. வீரபாண்டியில், மகன் அருள்செல்வன் துணி வெட்டும் பனியன் கம்பெனி வாசலில், அவளுடைய தோசை வண்டி விடிகாலையில் எரிந்துபோயிருந்தது. வண்டிப் பூட்டின் சாவி மூன்று பேரிடம்தான்: அவள், மகன், மாவாட்டும் ஒடிசாக்காரன் ரஞ்சன். போலீஸ் ரஞ்சனைக் கொண்டுபோய்விட்டது.

"அவன் தீ வெக்கலீங்க சாமி. அவனுக்குப் பேச இந்த ஊர்ல என்னைய உட்டா ஆருமில்லீங்க."

மகுடேஸ்வரன் செருப்பை மாட்டினார்.

கம்பெனி வாசலில் வண்டி வெறும் இரும்பாக நின்றது. "பூட்டு உடையல சார்! கேஸ் வெடிச்சிருக்கும்!" என்று துள்ளினாள் அவர் உதவியாளர் தேஜஸ்ரீ.

"வெடிச்சிருந்தா வண்டியே இருக்காது கண்ணு. சிலிண்டர் எங்க?"

சாக்கடைக்கு அப்பால், முட்செடி மறைவில், சிலிண்டர் அலுங்காமல் நின்றது. "இதப்பத்தி வெளிய மூச்சு விடாதீங்க," என்றார். பிறகு சக்கரத்தடியில் குனிந்தார். கரிந்த துணி உருகி, தார்மேல் கருமணியாக ஒட்டியிருந்தது.

"பாலியெஸ்டருங்க," என்றாள் குப்பாயி. காட்டன் எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். அவள் வண்டியில் கை துடைக்கக் கிடந்ததெல்லாம் காட்டன் வேஸ்ட். மகன் வெட்டுவது பாலியெஸ்டர். அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

டீ நேரத்துக்கு அருள்செல்வன் வெளியே வந்தான்.

"நல்லவேளை தம்பி, ஆருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் மகுடேஸ்வரன்.

"சிலிண்டர் உள்ள இல்லாததால தப்பிச்சுதுங்க."

"அது நாங்க மூணு பேரும் இப்பத்தான் கண்ட சங்கதி. உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

அவன் கண் சாக்கடைப் பக்கம் போய்த் திரும்பியது.

"ரஞ்சன் வெச்சிருந்தா வண்டில கெடந்த காட்டனைத்தான் எடுத்திருப்பான். பத்த வெச்சது உங்க கட்டிங் டேபிள்ல விழுந்த துணி. வண்டி போகோணும், ஆளு சாகக்கூடாது. அதான் சிலிண்டரை இறக்கிட்டீங்க."

அருள்செல்வன் தாயைப் பார்த்தான். "இன்னிக்கு வெளிநாட்ல இருந்து துணி வாங்கற பையருங்க வாரதா இருந்துச்சும்மா. வாசல்ல வண்டி நின்னா என் வேலை போயிரும்னாரு மேனேஜர். நீ நகரமாட்டேன்னுட்ட."

"வந்தாங்களா?"

"இல்லம்மா. ஆர்டரே கேன்சலாம். நாளைக்கு எங்களுக்கும் வேலையில்ல."

தேஜஸ்ரீயின் துள்ளல் எங்கோ போயிருந்தது. மகுடேஸ்வரன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

குப்பாயி மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நட கண்ணு, ஸ்டேஷனுக்கு. ரஞ்சன் காத்தாலருந்து பட்டினி கெடப்பான்."