ஐந்தாவது ஆள்

பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். கீழே லிஃப்ட் என்று ஒரு கதவு இருந்தது. அதில் இரண்டு வருடமாக 'பழுது' என்ற அட்டை தொங்கியது. இப்போது அந்த அட்டையே பழுதாகிக்கொண்டிருந்தது. தோளில் பை, கையில் களிமண் பொட்டலம், கக்கத்தில் ஃபோம் பலகை என்று தூங்குமூஞ்சி ஏறி வந்து சேர்ந்தபோது மதியம் மணி இரண்டு.

தூங்குமூஞ்சி என்பது வகுப்பில் வைத்த பெயர். வைத்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை, அதற்குப் பிறகு பல்கலைக்கழகம். உட்கார்ந்த மாத்திரத்தில் கண்ணைச் சுழற்றும். இண்டஸ்ட்ரியல் டிசைன் படிக்கிறாள் என்றால், "தொழிற்சாலைக்குப் பெயின்ட் அடிக்கிறதா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்வதை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டாள். மனிதர்கள் கையில் எடுக்கும் பொருளை அந்தக் கைக்கு ஏற்றபடி செய்யும் படிப்பு அது. முதல் வருடத்தில் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இப்போது மிஞ்சியது கருவளையம்தான்.

போன வருடம் இறுதித் தேர்வுக் குழுவின் முன்னால் நின்று, பேச்சின் நடுவில் சொல்ல வந்ததே மறந்து தோற்றாள். இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. இதிலும் கோட்டை விட்டால் ஐந்து வருடப் படிப்புக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. மறுபடி வருகிறவர்களுக்குப் புதிய ஸ்டுடியோவில் இடமில்லை என்று சொல்லி, யாரும் சீந்தாத இந்தப் பட்டறையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

நீளமான அறை. ஜன்னல் கண்ணாடிகளுக்கு யாரோ எப்போதோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்ததால், பட்டப்பகலிலும் குளத்தின் அடியில் இருப்பது போல ஒரு வெளிச்சம். நடுவில் ஒரு மேஜை. நாற்காலி இல்லை. மூலையில் கை கழுவும் தொட்டி. எவ்வளவு இறுக்கினாலும் குழாய் சொட்டியது. எங்கிருந்தோ ஈரத் துணி நாற்றம் வந்தது, கொஞ்சம் சோப்பு நெடியும்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் ஊன்றுகோலின் பிடி. கைப்பலம் குறைந்தவர்களுக்கானது. விதிப்படி ஐந்து பேரை நேரில் பார்த்துப் பேசி, கையை அளந்து, வீட்டுப் படி, வாசல் வரை குறித்து, ஆளுக்கு ஒரு தாள் எழுத வேண்டும். அந்த ஆளுக்கு இந்தப் படிப்பில் 'யூசர்' என்று பெயர். நாலு பேரைப் பார்த்துவிட்டாள். ஐந்தாவது ஆளைப் பார்க்கப் போன அன்று பஸ்ஸில் தூங்கிவிட்டாள். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். மறுநாள் காலை தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே ஐந்தாவது ஆளை அவளே செய்தாள்.

அந்த மேஜையருகே நின்றபடி கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினாள். பெண், வயது ஐம்பத்தெட்டு. சலவை நிலையத்தில் துணி பிழியும் இயந்திரத்தில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் போய்விட்டன. இடுப்பில் பலமில்லை. இருப்பது மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் இல்லை. ஜன்னலில் பச்சைப் பெயின்ட். உட்கார நாற்காலி இல்லை. தூக்கம், மூன்று மணி நேரம்; அது தூங்குமூஞ்சியின் சொந்தக் கணக்கு. வலி, பத்துக்கு எட்டு. படி இறங்க முடியாததால் கீழே போய் வெகுநாளாகிறது.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. வலி இல்லாமல் நடக்க முடிந்தால் முதலில் எங்கே போவீர்கள்? தேர்வுக் குழுவின் மனதைக் கரைக்க வேண்டுமே என்று கொட்டாவி விட்டபடி எழுதினாள்: 'என்கிட்ட இதெல்லாம் கேட்ட பொண்ணு வீட்டுக்கு.'

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். ஆளும் அப்படி, சட்டைப்பையில் ஒரு இரும்பு ஸ்கேலும் எப்போதும் உண்டு. ஐந்து தாள்களையும் படித்தவர், வாழ்நாளில் முதல்முறையாக அவளைப் பாராட்டினார். "மத்த நாலு பேரும் காகிதம்மா. இந்த அம்மா ஆளு." ஐந்திலும் முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த பிறகு யூசர் தாளில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அது இந்தத் துறையின் சட்டம்.

இரண்டாம் வாரம், களிமண்ணில் முதல் பிடியைச் செய்து ஈரத் துணி போர்த்தி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. களிமண்ணில் யாரோ அழுத்திப் பிடித்த தடம். கட்டைவிரல் ஒரு பக்கம், எதிரில் இரண்டு விரல். மற்ற இரண்டு விரல்கள் பதிய வேண்டிய இடம் அவள் தேய்த்து வைத்த மாதிரியே வழவழவென்று இருந்தது.

எந்தப் பயல் வேலை இது என்று முணுமுணுத்துக்கொண்டே கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அங்கே கடைசல் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். நான் மேலே வந்தே ஆறு மாதமாகிறது, சாவியும் உன்னிடம்தானே என்றார் அவர். அவள் திரும்பும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"உன்கூட மேல இருக்கறது உங்க அம்மாவா? காலையில குச்சி ஊன்றி நடக்கிற சத்தம் கேட்டுச்சு."

காலையில் அவள் கிடங்கில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும். ஏனோதானோவென்று ஃபோமில் ஒரு பிடியைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, குச்சியில் மாட்டினாள். அடுத்தது பரிசோதனைத் தாள். யூசர் அதைப் பிடித்து நடந்த பிறகு வலி எவ்வளவு, அடுத்து எங்கே போவீர்கள் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். நாலு பேரிடம் போய்க் குறித்து வாங்கியிருந்தாள். ஐந்தாவது தாளில் இரண்டு என்று அவளே வட்டம் போட்டாள். எட்டிலிருந்து இரண்டு. பார்க்க நன்றாக இருந்தது.

மறுநாள் வந்து பார்த்தபோது அந்த வட்டம் அடிக்கப்பட்டிருந்தது. எட்டின் மேல் புதிதாக ஒரு வட்டம், நடுங்கும் கையால், பேனா நழுவி நழுவிப் போட்டது. கீழே ஒரே வரி.

'இன்னும் வலிக்குது.'

அப்போதுதான் அந்தச் சத்தத்தை அவள் காதால் கேட்டாள். வெளியே, தாழ்வாரத்தில்.

டக்.

கால் இழுபடும் ஓசை. பிறகு மறுபடி டக். அது படிக்கட்டின் மேல்முனைக்குப் போனது. முதல் படியில் குச்சி இறங்கியது. அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மூச்சு மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுக்கிறவர்கள் விடும் மூச்சு.

பிறகு குச்சி திரும்பியது.

அறையை நோக்கி.

கதவு வரைக்கும் வந்து நின்றது. கதவுக்குக் கீழே இடைவெளியில் நிழல் எதுவும் விழவில்லை. சோப்பு நெடி மட்டும் ஏறியது. மேஜையின் விளிம்பைப் பிடித்தபடி அவள் அரை மணி நேரம் நின்றாள். வெளியே மாணவர்கள் சிரித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தாள்.

நேரே ஸ்கேலிடம் ஓடினாள். ஐந்தாவது யூசரை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். ஏன் என்றார். அந்த அம்மாவுக்கு முடியவில்லை என்று இழுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

"முத்திரை போட்டாச்சு. இப்ப எடுத்தா, அந்த ஆள் பொய்யின்னு அர்த்தம். பொய்யின்னா நான் உன்னைத் தேர்வுக்கே விட முடியாதும்மா. யோசிச்சுச் சொல்லு."

உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் இன்றோடு எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் அந்த அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். ஐந்து வருடம் கண்முன் வந்து நின்றது. ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு மறுபடி ஐம்பத்து நான்கு படி ஏறினாள்.

அன்று சாயங்காலம்தான் அவள் முதல்முறையாக உண்மையாக வேலை செய்தாள் என்று சொல்ல வேண்டும். வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் உள்ளங்கையோடு மடக்கி டேப் சுற்றினாள். குச்சியை ஊன்றி, முதல் படியில் காலை வைத்தாள். குச்சி வெளிப்பக்கமாகப் புரண்டது. அதைத் தடுக்க விரல் இல்லை. கட்டைவிரலின் அடியில் சுரீரென்று ஒரு வலி கிளம்பி முழங்கை வரை ஓடியது. பத்துப் படிக்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதை எட்டு என்று எழுதும்போது கொட்டாவி விட்டேனே என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பின்னால், மேல்படியில், ஈரத் துணி நாற்றம் அடித்தது.

திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எங்க வலிக்குது?"

பதில் காதுக்கு மிக அருகில் வந்தது.

"இறங்கும்போது."

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். வேறு எப்படிச் சொல்வது? இல்லாத விரல்களின் இடத்தில் உள்ளங்கையின் ஓரம் உட்கார ஒரு சின்னத் திண்டு வைத்தாள். சாயங்காலம் பிடியையும் தாளையும் மேஜையில் விட்டுவிட்டுப் போவாள். மறுநாள் மதியம் பதில் இருக்கும். ஆறு. திண்டை அகலமாக்கினாள். ஐந்து. பிடியின் கழுத்தை அரை விரல்கடை சாய்த்தாள். மூன்று. பயம் போகவில்லை, ஆனால் பழகிவிட்டது. ஐந்து வருடத்தில் அவள் செய்த பொருளை ஒருவர் நிஜமாகவே எடுத்துப் பிடித்து, இது சரியில்லை, இது பரவாயில்லை என்று சொன்னது இதுதான் முதல்முறை. அது அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. தேர்வுக்கு முந்தைய நாள், கடைசிப் பிடியைச் சாயம் பூசிக் குச்சியில் மாட்டி வைத்துவிட்டுப் போனாள்.

தேர்வு அந்த அறையிலேயே நடந்தது. காலையில் வந்தால் மேஜை காலி. குச்சி இல்லை, தாளும் இல்லை. களிமண் மாதிரிகளையும் படங்களையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்கேல் வந்தார், கடைசி மாதிரி எங்கே என்றார். இந்தத் தடவையும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவர் முகம் சுருங்கியது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சுவரைப் பிடித்து நின்று, கையை ஆட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினார்.

"கடைசி மாதிரியை நான் பார்த்துட்டேன். உங்க யூசர் கையில இருந்துச்சு. ரெண்டு விரல் இல்லாத அம்மாதானே? நான் ஏறமுடியாம ஏறுறேன், அவங்க சுவரைக்கூடத் தொடாம விறுவிறுன்னு இறங்கிப் போறாங்க. இதுக்கு மேல நான் என்ன பார்க்கணும்?"

ஸ்கேலின் முகம் மலர்ந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் தேறிவிட்டாள். தேர்வாளர் கை குலுக்கும்போது அவள் கேட்டாள்.

"மேடம், ஏதாச்சும் பேசினாங்களா?"

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. காட்டிவிட்டேன்."

தாளின் கடைசிக் கேள்வி அவளுக்கு உடனே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து வருட அசதியும் ஒரே நேரத்தில் அவள் மேல் இறங்கியிருந்தது. எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்றே தெரியாது. கதவைத் திறந்த அம்மா ஏதோ சொல்ல வந்தாள். எதுவானாலும் அப்புறம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, விளக்குப் போடாத அறையில் கட்டிலில் விழுந்தாள். விழுந்ததுதான் தெரியும்.

மறுநாள் மதியம்தான் கண் விழித்தாள். உடம்பு லேசாக இருந்தது. அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாஸ் ஆகிவிட்டேன் என்று சொன்னதும் ஈரக் கையோடு வந்து அவள் முகத்தைத் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா பேசு. அவங்க எழுந்துடப் போறாங்க."

"யாரு?"

"உன் யூசர்னு சொன்னாங்களே, அந்த அம்மா. நேத்து நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க. ராத்திரி மூணு மணி நேரத்துக்கு மேல தூக்கமே இல்லையாம், பாவம். நீ அவ்வளவு கேட்டு எழுதினியாம். கட்டில்ல சுவர் பக்கமா படுத்துக்கச் சொன்னேன். உன் பக்கத்துலதானே படுத்திருந்தாங்க, பார்க்கலையா?"

அவள் அறை வாசலுக்குப் போனாள்.

கட்டிலில் யாரும் இல்லை. சுவர்ப் பக்கத்துத் தலையணை குழிந்து, ஈரமாக இருந்தது. சோப்பு நெடி. தலைமாட்டில் ஊன்றுகோல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, இனி வேண்டியதில்லை என்பது போல. அவள் தலையணைக்கு அடியில் காணாமல் போன அந்தப் பரிசோதனைத் தாள். வலி என்ற இடத்தில் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம், இந்தத் தடவை நடுக்கமில்லாமல்.

அடுத்து எங்கே போவீர்கள் என்ற கேள்விக்கு எதிரே எழுதியிருந்தது:

'எங்கேயும் இல்ல. வந்துட்டேன்.'

பின்னால் அடுப்படியில் அம்மா யாரிடமோ, எழுந்துட்டீங்களா, உட்காருங்க என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.