இரவல் கண்கள்

மின்சாரம் போகவே இல்லை. ஆனாலும் மேஜைக்கடியில் கிடந்த யு.பி.எஸ். வீலென்று அலறியது.

பாலிஷ் துள்ளி விழுந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரை மட்டும் ஒரு தரம் இருண்டு, இமை திறப்பதுபோல மெல்ல வெளிச்சமானது. அலறல் நின்றது.

"என்ன பாலிஷ், எலியைக் கிலியைக் கடிச்சிட்டியா?" அடுத்த அறையிலிருந்து ஸ்டூடியோக்காரர் கேட்டார்.

"நான் ஏண்ணே கடிக்கப்போறேன்? உங்க ஓட்டை யு.பி.எஸ். என் உயிரை வாங்குது."

பருவோ, தழும்போ, கருவளையமோ, கல்யாணப் படத்தில் எது இருந்தாலும் பளபளப்பாக்கித் தருவதால் அவர் வைத்த பெயர் பாலிஷ். வீட்டில் வைத்த பெயரை அவள் அம்மாவே மறந்திருப்பாள்.

மத்தியானம்தான். ஆனால் அந்த அறைக்குப் பகல் கிடையாது. நிறம் பிசகக்கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, சுவருக்குச் சாம்பல் நிறம் பூசி வைத்திருந்தார்கள். வெளியே விடாமல் மழை. உள்ளே ஈரச் சுவரின் வாசனையோடு சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து நெஞ்சை அடைத்தது. திரை கொள்ளாமல் ஒரு மணப்பெண்ணின் முகம்.

அதன் கண்கள் இடப்பக்கம் பார்த்தன.

நேராகப் பார்க்கும்படி அல்லவா அவள் ஒட்டியிருந்தாள்?

ஆமாம், ஒட்டியதுதான். அந்தக் கண்கள் அந்தப் பெண்ணுடையவை அல்ல. ஃப்ளாஷ் அடித்தால் போதும், இமையை இறுக மூடிக்கொள்ளும் ரகம் அவள். எடுத்த படத்திலெல்லாம் மூடிய கண்தான். மாப்பிள்ளையின் அம்மா போனில் கிழித்துத் தொங்கவிட்டாள். "ஏம்மா, மருமக மேடையில தூங்கி வழியறான்னு நாலு பேர் சிரிக்கவா? நீ என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, கண்ணைத் தொறந்து வை!"

இப்படி ஆனால், அதே பெண்ணின் வேறு படத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்டுவது தொழில் வழக்கம். இவளுக்கோ ஒரு படத்தில்கூடக் கண் திறக்கவில்லை. பாலிஷ் பழைய ஹார்டு டிஸ்க்கைக் குடைந்தாள். வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும், தலையின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். யாரோ ஒரு மணப்பெண் சிக்கினாள். யார் எவர் என்று பார்க்காமல் கண்களை மட்டும் எடுத்து வந்து, நேற்றுச் சாயங்காலமே எல்லாப் படத்திலும் ஒட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின.

இப்போது படம் திருத்தும் டிஜிட்டல் பேனாவால் கருவிழிகளை நடுவுக்கு இழுத்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தால், இடப்பக்கம்.

அடுத்த படத்தைத் திறந்தாள். அதில் மணப்பெண் பூங்கொத்தோடு நடந்து வருகிறாள், கண்கள் வலப்பக்கம். அதற்கடுத்ததில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கண்கள் மேலே. ஒவ்வொரு பார்வையும் எங்கே போய் முடிகிறது என்று பாலிஷின் விரல் திரையில் கோடு இழுத்தது. எங்கே இழுத்தாலும் ஒரே இடம். மாப்பிள்ளையின் அம்மா, கழுத்தில் முத்துமாலையோடு.

குடும்பப் படத்தில் அந்த அம்மா மருமகளுக்கு நேர் பின்னால் நின்றிருந்தாள். அங்கே பார்வை எப்படிப் போகும்? பாலிஷ் முகத்தைப் பெரிதாக்கினாள்.

கண்கள் பின்பக்கம் பார்க்கத் திமிறி, ஓரத்துக்கு உருண்டு போயிருந்தன. வெள்ளை மட்டும் தெரிந்தது.

கண்ணை எடுத்த பழைய ஃபோல்டரைத் தேடித் திறந்தாள். அதே மண்டபம், அதே விளக்குகள். மாப்பிள்ளையும் அவனேதான், மீசை மட்டும் கொஞ்சம் மெலிசு. ஓரத்தில் அதே முத்துமாலை. மணப்பெண்தான் வேறொருத்தி.

நேற்றுப் பெரிய கண்களால் நேராகப் பார்த்தவள் இன்று இமை மூடியிருந்தாள். அந்தப் படத்தில் மட்டுமல்ல. எல்லாப் படத்திலும்.

"அண்ணே, இந்த மாப்பிள்ளைக்கு இது ரெண்டாவது கல்யாணமா?"

ஸ்டூடியோக்காரர் குடையை எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? முதல் பொண்ணு பாவம், வீட்டு மாடிப்படியில குப்புற விழுந்து போய்ச் சேர்ந்துடுச்சு. அப்ப வீட்டுல மாமியாரைத் தவிர யாருமில்லயாம். ஊர் ஆயிரம் பேசுச்சு. நமக்கேன் வம்பு? நான் போய் ஃப்ரேம் வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் போனதும் மழைச் சத்தம் கூடினாற்போல் இருந்தது. பாலிஷ் கண்களை ஒட்டியிருந்த மேலடுக்கை, அந்த லேயரை, அழித்தாள். லேயர் போயிற்று. கண்கள் போகவில்லை. படத்தையே அழித்தாள். அது மூடிக்கொண்டு, தானே திறந்துகொண்டது.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"ஏம்மா, படம் முடிஞ்சுதா இல்லையா? நேர்ல பார்த்துட்டே போகலாம்னு கிளம்பி வந்துட்டோம். இவளையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"நீங்க ஏம்மா இந்த மழையில... நானே கொடுத்தனுப்பறேன்."

"அதெல்லாம் வேணாம். போற வழியில கண் டாக்டரையும் பார்க்கணும். நேத்துவரைக்கும் பட்டாம்பூச்சி மாதிரி படபடன்னு கண்ணைச் சிமிட்டுவா. காலையிலேருந்து இமையே ஆடல. நான் எங்க போனாலும் என்னையே வெறிச்சுப் பார்க்குறா. மூத்தவளுக்கும் இப்படித்தான் முட்டைக்கண்ணு. இருந்து என்ன? காலடியில இருக்குற படி தெரியலையே அந்தக் கழுதைக்கு." சிரிப்பு. மேல்மூச்சு. "இது என்ன படியா, மலையா? ஏய், மெதுவா ஏறுடி. எனக்கு முன்னாடி அப்படியென்ன அவசரம்?"

படி.

மாடியிலிருந்த ஸ்டூடியோவுக்கு ஏறும் படி செங்குத்தானது, குறுகலானது, பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாதது. மழைத் தண்ணீர் ஒழுகி எப்போதும் வழுக்கும்.

'ஏறாதீங்க' என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். பாலிஷ் வாயைத் திறந்தாள். திரையில் இருந்த முகம் அவளைப் பார்த்தது. இத்தனை நேரமும் முத்துமாலையைவிட்டு அசையாத பார்வை, முதல் தடவையாக நேராக அவளிடம் வந்து நின்றது. மிரட்டவில்லை. காத்திருந்தது.

அந்தக் கழுதைக்கு. காதுக்குள் அந்தச் சிரிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பாலிஷ் வாயை மூடிக்கொண்டாள்.

போனில் மூச்சிரைப்பு. ஒரு படி. இன்னொரு படி. "என்னடி திரும்பி நிக்கிற? வழியை விடு. என்னடி அப்படிப் பார்க்குற? ஏய்... நீ... நீயா?"

பிறகு ஒரு சத்தம். மாவு மூட்டை உருள்வதுபோல. உருண்டது. உருண்டுகொண்டே போயிற்று. முத்துகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கின.

டக். டக். டக்.

அமைதி.

பழைய படம் இன்னும் திரையின் ஓரத்தில் திறந்தே கிடந்தது. அதில் அசைவு. முதல் மனைவியின் மூடிய இமைகள் துடித்தன. பட்டாம்பூச்சி மாதிரி. படபடவென்று. உள்ளே யாரோ திறக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி மறுபடி முட்டுவதுபோல. இமையோரம் ஒரு துளி நீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது.

அழுவது முதல் மனைவி அல்ல என்று பாலிஷுக்குப் புரிந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணைத் திரும்ப எடுத்து வைத்துவிடலாம். எப்படியாவது. மேஜையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

கதவு திறந்தது.

புதுப்பெண் நின்றாள். நனைந்த முடி. உதட்டில் பணிவான சின்னச் சிரிப்பு. இமைகள் அசையவில்லை. மழைத் தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து நேராகக் கருவிழி மேலேயே ஓடியது. அப்போதும் அசையவில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பாலிஷின் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"அவங்க என்னைப் பின்னாலேருந்து தள்ளுனாங்கக்கா. நான் திரும்பி நின்னு, முகத்தைக் காட்டிட்டுத்தான் தள்ளுனேன்."