விடுபட்ட பத்தி

அட்டைகள் நாற்பத்தொன்று. அச்சாகி வந்த காகிதத்தில் பத்திகள் நாற்பதுதான்.

தமயந்தி மறுபடி எண்ணினாள். சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்ப் கான்ட்ராக்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நெய்வேலி வெயில் கொளுத்த, உள்ளே ஏசியின் ஓயாத முனகலும், பிரிண்டர் ரிப்பனின் மை வாடையும், எத்தனை துடைத்தாலும் கதவிடுக்கில் நுழைந்து படியும் பழுப்புத் தூசியும் மட்டும்தான். ஷிப்டு தோறும் அந்த மிஷின் சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் அட்டைகளைப் படித்து, ஆளுக்கொரு பத்தியாக ஒரு புதிய புரோகிராமைத் தானே எழுதும். எழுதியதைத் தானே கம்பைல் செய்து, அதாவது மிஷின் மொழிக்கு மாற்றி, தானே ஏற்றி ஓட்டும்.

போன வாரமும் ஒரு பத்தி குறைந்தது. சிங்காரவேலின் பத்தி. அன்று மாலையே அவர் பம்ப் குழியில் மூழ்கிச் செத்துப் போனார்.

இன்று இல்லாதது இசக்கிமுத்து. அவள் தம்பி.

"ஒரு பத்தி கொறஞ்சா உங்க தம்பி எளைச்சா பூடுவாரு?" ஆபரேட்டர் கண்ணையன் சிரித்தார். "ஆளுங்க எறங்கிக்கினு இருக்காங்கம்மா."

"சிங்காரவேலுக்கும் இதையேதான் சொன்னீங்க."

சிரிப்பு நின்றது.

"ஓடுங்க, கண்ணையன். அவன மேல கூட்டிட்டு வாங்க."

அவர் ஓடினார். தமயந்தி விடுபட்ட பத்தியைத் தட்டினாள். பெயர். டோக்கன் எண். பம்ப். மிஷின் மீண்டும் எழுதியது. அவள் தட்டிய பத்தியைக் காணோம். மறுபடி தட்டினாள். மறுபடி காணோம்.

"எழுத உனக்கு மட்டுந்தான் தெரியுமா?" மிஷினைப் பார்த்துக் கேட்டாள்.

அது தானாக எழுதுவதை நிறுத்தி வைத்தாள். தன் பத்தியோடு தானே கம்பைல் செய்தாள். ஏற்றினாள். ஓடியது. பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள்.

டெலிபோன் அடித்தது.

"அம்மா..." கண்ணையன் விம்மினார். "தம்பியத் தண்ணியிலேருந்து இப்பதான் தூக்கிக்கினு இருக்காங்க..."

கதவு திறந்தது.

வெயிலுக்கு எதிரே கருப்பாக ஓர் உருவம். தம்பியின் தோள். தம்பி நிற்கும் விதம். சொட்டும் தண்ணீர்.

"இசக்கிமுத்து. நூத்திப்பதினேழு. மூணாம் பம்ப்."

"தம்பி?"

"இசக்கிமுத்து. நூத்திப்பதினேழு. மூணாம் பம்ப்."

அதே குரல். அதே இடைவெளி. அவள் எழுதியது அவ்வளவுதான்.

ரிசீவரை வைத்தாள். அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ்வளவுதானா எந்தம்பி? இரு."

தட்டினாள். கடைசி தோசைக்குச் சண்டை போடுவான். என்னை அக்கா என்பான். சிரித்தால் இடது கன்னம் குழியும். கம்பைல். ஏற்று.

ஈரக்காலடிகள். அவள் பாதங்களைக் குளிர்ந்த தண்ணீர் தொட்டது.

"அக்கா."

திரும்பினாள். வாய் சிரித்தது. இடது கன்னத்தில் குழி. அச்சாக அவன்தான்.

அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. வழவழவென்ற தோல்.

தமயந்தி விசைப்பலகைக்குத் திரும்பினாள். அடுத்த வரியைத் தட்டினாள்.

கண்கள்.