மதுரா ஏறாத கோபுரம்

மதுராவின் அப்பா சிவரூபனுக்கு ஒரு சந்தோசச் செய்தி கிடைத்தால் போதும். மாலைக்குள் அது அவர்கள் வசிக்கும் மல்வேர்ன் முழுவதும் பரவிவிடும்.

இந்தக் கோடையில் கிடைத்த செய்தி மிகப் பெரியது. பதினொரு வயது மதுரா, தன் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு ஐரோப்பாவுக்குக் கல்விச் சுற்றுலா போய் வந்திருந்தாள். ரோம், வியன்னா, பாரிஸ்! விமான நிலையத்தில் வைத்தே அப்பா கேட்டார்.

"ஈபிள் கோபுரத்திலை ஏறினியோ, பிள்ளை?"

அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. யோசிக்கும் முன்பே மதுராவின் தலை ஆடிவிட்டது.

அவ்வளவுதான். தமிழ்க் கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் அதே பேச்சு. மொன்றியலில் இருக்கும் பெரியப்பாவுக்கும் தொலைபேசியில் அதே பேச்சு. "என்ர மகள் ஈபிள் கோபுரத்தின்ர உச்சியிலை நிண்டவள்!"

உண்மையில், பாரிஸில் இருந்த நாள்களில் மதுரா காய்ச்சலோடு விடுதியில் படுத்திருந்தாள். கூடவே தங்கிய நிரோஷினி ரீச்சர் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். அம்மாதான் அப்பாவிடம் மறைத்துவிட்டார்.

"சொல்லியிருந்தால் அந்த மனுசன் அடுத்த பிளேனிலை ஏறியிருக்கும்" என்றார் அம்மா.

செப்டெம்பரில் பெற்றோருக்காக ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நகரத்தைப் பற்றிப் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் மதுராவுக்கு வந்தது பாரிஸ்!

"இப்ப என்னடி செய்யிறது?" என்று வேரோனிக்காவிடம் கேட்டாள். பயணம் முழுவதும் மதுராவோடு ஒரே அறையில் இருந்தவள் அவள்.

"கோபுரத்தைப் பற்றிச் சொல்லு. எல்லாம் இன்ரநெற்றிலை கிடக்கு. நான் வாய் திறக்க மாட்டன்."

"நீயும் ஏறேல்லையே! என்னாலைதானே?"

"அதை விடடி."

மதுராவால் அதை விட முடியவில்லை. கோபுரத்தில் ஏறுவதற்காகவே பயணத்துக்குப் பெயர் கொடுத்தவள் வேரோனிக்கா. ஆனால் அன்று எல்லாரும் பஸ்ஸில் ஏறியபோது, அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மதுராவின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள். "ரீச்சரோடை மட்டும் இருந்தா உனக்கு அழுகை வரும்" என்றாள்.

நிகழ்ச்சி நாளில் அப்பா முன்வரிசையில் இருந்தார். வீடியோ எடுக்கக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் அயலூர் அஜக்ஸிலிருந்து வரவழைத்த நண்பர் குலசிங்கம் அங்கிள்.

மதுரா மேடையேறினாள். கோபுரத்தின் உயரம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா மகிழ்வார். ஆனால் வேரோனிக்கா செய்த உதவி ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

"நான் ஈபிள் கோபுரத்திலை ஏறேல்லை" என்றாள்.

அப்பாவின் கைப்பேசி மெல்லக் கீழே இறங்கியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா. எனக்குக் காய்ச்சல். நான் பாரிஸிலை பாத்தது ஒரு ஜன்னலுக்கு வெளியாலை தெரிஞ்சதைத்தான். முன் வீட்டு மேல்மாடியிலை ஒரு தாத்தா பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துவார். அது கீழ்மாடி அன்ரி காயப்போட்ட உடுப்பிலை விழும். ரெண்டு பேரும் பிரெஞ்சிலை சண்டை பிடிப்பினம். வேரோனிக்கா எனக்கு அதைத் தமிழிலை சொன்னவள்."

"அந்தப் பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியுமோ?" குலசிங்கம் அங்கிள் கேட்டார்.

"பள்ளிக்கூடத்திலை படிச்ச நாலு சொல்லுத்தான் தெரியும், அங்கிள்! 'அண்ணை, என்ர சீலை பூக்குமெண்டோ தண்ணி ஊத்திறியள்?' எண்டு அன்ரி கேக்கிறாவாம். 'கோவிக்காதையுங்கோ தங்கச்சி, நாளைக்கு உரமும் போடுறன்' எண்டு தாத்தா சொல்லுறாராம்."

மண்டபமே சிரித்தது.

"நான் காய்ச்சலோடை விழுந்து விழுந்து சிரிச்சன். கோபுரம் பாக்க ஆசைப்பட்டு வந்தவள், எனக்காக அதைப் பாக்காமல் இருந்தவள். தாங்ஸ், வேரோனிக்கா. இதை நான் அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

பின்வரிசையில் வேரோனிக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா வந்தார். ஏசப்போகிறார் என்று மதுரா நினைத்தாள். அவரோ, காய்ச்சல் இன்னும் விடவில்லை என்பதுபோல அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேரோனிக்காவிடம் போனார்.

"நீங்களும் ஏறேல்லையோ, பிள்ளை?"

"இல்லை, அங்கிள்."

"பாரிஸ் தூரம். எங்கட சிஎன் கோபுரம் கிட்டத்தானே நிக்குது? ஈபிளை விட உயரமும்! வாற ஞாயிறு ரெண்டு பேரும் வெளிக்கிட்டு நில்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் வெயில் அடித்தது. தோழிகள் இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கீழே ஏரியைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பா, பெரியப்பாவோடு தொலைபேசியில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணை, உச்சியிலைதான் நிக்கிறம். கோபுரத்தை விடுங்கோ, ரிக்கெற் எடுத்தால் ஆரும் ஏறலாம்! என்ர மகளுக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லுறன், கேளுங்கோ!"