செவ்வாய்க் கிரகத்துக் கணக்கு வாத்தியார்

பெண் பார்த்துவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு துர்கா சிரித்தது அன்றுதான்... அதுவே வம்பாகிவிட்டது.

குரோம்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அவளுக்குத் தமிழ் டைப்பிங் வேலை. வயது முப்பத்தொன்று. மறைமலை நகரிலிருந்து வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "சின்னவளைக் குடுங்களேன்" என்று தங்கையைக் கேட்டிருந்தார்கள். அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

முதலாளி டைப் செய்யக் கொடுத்திருந்தது ஒரு நாவல். செவ்வாய்க் கிரகத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் காதலியின் மனசைச் சமன்பாடாகப் போடுகிறார். எத்தனை தடவை போட்டாலும் விடை 'வெண்டைக்காய்' என்றே வருகிறது! துர்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அவ்ளோ கேவலமாவா இருக்கு?"

நிமிர்ந்தாள். தொப்பலாக நனைந்த ஒருவன்... மழை சொட்டும் இமைகளுக்குள் அடிபட்ட கண்கள். நாவலை எழுதிய ஹேமநாத். கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர்.

"ஐயோ, இல்ல சார்... காமெடின்னுதான்..."

"அஞ்சு பதிப்பகத்துலயும் இப்படித்தான் சிரிச்சாங்க. குடுங்க, டைப் பண்ண வேணாம்."

கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

மூன்று வாரம் ஆயிற்று. தங்கைக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. வீட்டில் யாரும் துர்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதுவரை அடித்திருந்த தொண்ணூறு பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு, பில்லில் இருந்த பெருங்களத்தூர் முகவரிக்குப் போனாள்.

கதவைத் திறந்தவன் தாடிக்குள் இருந்தான்.

"மீதிக் கதை வேணும் சார்."

"பழைய பேப்பருக்குப் போட்டுட்டேங்க. இனிமே எழுதறதா இல்ல."

அவள் நீட்டிய தாள்களை அவன் தொடவில்லை.

"நான் சிரிச்ச அன்னைக்குக் காலைல தாம்பரம் ஸ்டேஷன்ல ரெண்டு ரயிலை விட்டுட்டு நின்னேன் சார்... இருந்து என்ன பண்ணப் போறோம்னு..." அவள் குரல் உடைந்தது. "பயந்துபோய் மூணாவது ரயில்ல ஏறிட்டேன். கடைக்கு வந்தா உங்க வெண்டைக்காய்... அதை வெச்சுத்தான் இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

ஹேமநாத் கதவை விட்டுவிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டான்.

"கதைல அந்தப் பொண்ணு ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டா. கவனிச்சீங்களா? எனக்கு எழுத வரல. எந்தப் பொண்ணும் எங்கிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசினதில்லைங்க." தலை குனிந்தான். "மூணு வாரமா உங்க சிரிப்புதான் காதுல... கேலின்னு நெனைச்சப்பவும் மறக்க முடியல."

துர்காவின் கண்கள் நிறைந்தன.

"மறுபடி எழுதுங்க. அவ பேசறதை நான் சொல்றேன்."

"எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... அங்கேருந்து."