வலப்பக்கம் திரும்பும்போது

பின்னால் வந்த வெள்ளை வேன் விடாமல் ஹாரன் அடித்தது.

தாரிணிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அறுபத்தாறாம் வருட மஸ்டாங் காரை ஒரு பெண் ஓட்டினால் சிலருக்குப் பொறுக்காது... இவனும் அந்த ரகம்தான்! மெல்பேர்னின் வடக்கே, கிரெய்கிபர்ன் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினாள். மழையையும் பாராமல் சண்டைக்கு இறங்கினாள்.

வேனிலிருந்து ஒருவன் நனைந்துகொண்டே வந்தான். கையில் பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அதிலிருந்து ஆவி பறந்தது.

"உங்கட சைலன்சர் விழுந்திட்டுது... அங்கால ரவுண்டபோட்டில."

வண்டி திடீரென்று உறுமியதை மஸ்டாங்கின் மிடுக்கு என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

"நான்... உங்களைத் திட்டத்தாங்க இறங்கினேன்."

"தெரியும். கண்ணாடியில உங்கட வாய் அசைஞ்சது தெரிஞ்சது."

சிரித்தான். இமையில் மழைத்துளி நிற்க, கண்கள் முதலில் சிரித்தன, உதடு பிறகுதான். அந்த வரிசையை அவள் இன்றுவரை மறக்கவில்லை. மறக்க முயன்று பார்த்தாள்... முடியவில்லை.

அவன் பெயர் சுஜீதன். இரண்டு தெரு தள்ளி, கார்களுக்கு சைலன்சரும் புகைக்குழாயும் பொருத்தும் பட்டறை வைத்திருந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் விளக்கடித்துக் காட்டினான். எங்கு பார்த்தாலும் துரு.

"முழுசா மாத்தவேணும். இரும்போ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ?"

"எது நல்லதுங்க?"

"இரும்பு அஞ்சு வருசம். ஸ்டெயின்லெஸ் உங்கட பேரப்பிள்ளையளுக்கும் கிடக்கும்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"

"அப்ப ஸ்டெயின்லெஸ்தான்... அவசரமில்லாம ஆறுதலாப் பாவிக்கலாம்."

சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்தாள். அவனோ அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

"சத்தமான சைலன்சரோ, மெதுவானதோ?"

"சத்தமா! ஊரே திரும்பிப் பாக்கணும்."

"மெதுவானதெண்டா பக்கத்தில இருக்கிற ஆள் கதைக்கிறது கேக்கும்."

"பக்கத்துலதான் யாரும் இல்லீங்களே..."

அவன் குனிந்து, இல்லாத ஒரு போல்ட்டைத் தேடினான்.

முடிவெடுக்க அவளுக்கு மூன்று சனிக்கிழமை தேவைப்பட்டது. பழைய சைலன்சரைத் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு, டார்னெய்ட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஓட்டி வருவாள். அவன் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றித் தருவான். ஒரு சைலன்சரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரமா என்று தோழி ஹரிப்பிரியா கேட்டபோது, அவளுக்குக் காது சூடானது.

அவன் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தான்.

"அமெரிக்காவில விக்கிற ரெடிமேட் செட்டை மட்டும் வாங்கிப்போடாதேங்கோ. அங்க ஸ்டியரிங் இடப்பக்கம். உங்கட வண்டியில வலப்பக்கம் மாத்தியிருக்கு. குழாய் போற இடத்தில இப்ப ஸ்டியரிங் பெட்டி நிக்குது, இடிக்கும். நான் அளவெடுத்து வளைச்சுத் தாறன்... ஒரு மாசம் பொறுங்கோ."

பொறுத்தாளா? தாரிணி கட்டடப் பொறியாளர். கம்பியும் இரும்பும் தனக்குத் தெரியாதா என்ற எண்ணம். 'எல்லா மஸ்டாங்குக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து இணையத்தில் வரவழைத்துவிட்டாள். அவன் வியந்து பாராட்டுவான் என்றுகூட ஓர் ஆசை.

நான்காம் சனிக்கிழமை, பெட்டியைப் பட்டறையில் இறக்கினாள். வாடிக்கையாளர் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். சுஜீதன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்... சிரித்துவிட்டான்.

"சொன்னனான்தானே... இது பொருந்தாது."

அத்தனை பேர் முன்னால் அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது.

"உங்களுக்குப் பொருத்தத் தெரியலைன்னு சொல்லுங்க!"

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அன்று மாலையே, நானூறு பேர் இருக்கும் மெல்பேர்ன் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: 'கிரெய்கிபர்ன் சுஜீதனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வேலை தெரியாது.'

வேறொரு பட்டறையில் குழாயைச் சுத்தியலால் நசுக்கி எப்படியோ நுழைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், முதல் வலத் திருப்பத்தில் கேட்டது... டொக்.

ஸ்டியரிங் பெட்டியில் குழாய் இடிக்கும் சத்தம். அவன் சொன்ன அதே இடம்.

டொக்... வேலைக்குப் போகையில். டொக்... கோயிலுக்குப் போகையில். பதினோரு மாதம், ஒவ்வொரு வலத் திருப்பத்திலும் அவளுடைய தப்பு அவள் காதிலேயே ஒலித்தது. அப்போதும் எழுதியதை அழிக்கவில்லை. ஆணவம் பொல்லாதது.

ஒரு வியாழக்கிழமை ஹரிப்பிரியாதான் போனில் சொன்னாள்: "அந்த சுஜீதன் கடையை மூடிட்டு சிட்னிக்குப் போறாராம். அங்க கெல்லிவில்ல அண்ணன் இருக்காராம். சனிக்கிழமை கிளம்புறாரு."

அன்றிரவே தாரிணி அதே குழுவில் எழுதினாள்: 'தப்பு என்னுடையது. பொருந்தாத குழாயை வாங்கியது நான். அவர் சொன்னது சரி.' நானூறு பேர் படித்தார்கள். பட்டது அவமானம்தான்... ஆனால் என்ன பிரயோசனம்? காலம் கடந்த மருந்து.

சனிக்கிழமை காலையிலேயே போனாள். பட்டறை பாதி காலி. சுஜீதன் கொஞ்சம் மெலிந்திருந்தான்.

"என்னாலதானே?" குரல் உடைந்தது.

இல்லை என்று சொல்வான் என்று ஏங்கினாள். அவன் பொய் சொல்லவில்லை.

"கொஞ்சம் உங்களாலயும்தான்."

பிறகு சுவரைக் காட்டினான். வளைத்து மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்று தொங்கியது. அதில் வெள்ளைச் சாக்கட்டியில் எழுதியிருந்தது: தாரிணி.

"இது..."

"நீங்கள் பெட்டியோட வந்தீங்களே... அதுக்கு முதல் நாள் ராத்திரிதான் வளைச்சு முடிச்சனான். ஒரு மாசம் எண்டு சொன்னாலும், பொறுக்கேலாமல் வேளைக்கே செய்து வச்சிட்டன். நீங்கள் வேறொண்டோட வந்து நிண்டீங்கள். அழுகைதான் வந்தது... ஆக்கள் நிண்டவை. சிரிச்சுச் சமாளிச்சிட்டன்."

அந்தச் சிரிப்பில் கண்கள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அதைப் பார்க்கக்கூட இல்லையே பாவி!

அவன் கடைசி வேலையாக அந்தக் குழாயைப் பொருத்தினான். "எந்த சைலன்சர்?" என்று மட்டும் கேட்டான்.

"மெதுவானது," என்றாள்.

தலையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினாள். பழக்கத்தில் தோள் இறுகியது... சத்தத்துக்குக் காத்திருந்தது...

ஒன்றும் கேட்கவில்லை.

அவள் விம்மல் மட்டும் வண்டிக்குள் தெளிவாகக் கேட்டது. அப்படியே வண்டியைத் திருப்பினாள்.

சுஜீதன் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். வேன் நிறையச் சாமான்.

"என்ன... இடிக்குதோ?"

"இல்லைங்க. இடிக்கலை. அதான் வந்தேன்." மூச்சு வாங்கியது. "மூணு வாரம் நான் சைலன்சர் பாக்கவே வரலை. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். பெரிய இவ மாதிரி எல்லாத்தையும் கெடுத்துட்டேன்..."

அவன் பாதி மூடிய கதவில் சாய்ந்தான். பட்டறைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தாகிவிட்டது. சிட்னியில் அண்ணன் காத்திருந்தான். எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்கிறாளே...

"ஒரு குழாய்க்கு ஒரு மாசம் தேவையில்லை, தாரிணி," என்றான் மெல்ல. "ரெண்டு நாள் காணும். இன்னும் நாலு சனிக்கிழமை நீங்கள் வரவேணும் எண்டுதான் ஒரு மாசம் எண்டு சொன்னனான். உண்மையைச் சொல்லியிருந்தா... நீங்கள் பெட்டி வாங்கியிருக்கவே மாட்டீங்கள்."